அம்மா உப்புப் போட்ட கறி

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் எல்லை பிரித்துவிட்டார்கள். பிரித்தது என் மகள் ஜெனி. வயது பதினான்கு. மேல் தட்டு இரண்டும் அவளுடையவை. அதில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி ‘க்ளீன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கீழ்த் தட்டு எனக்கும் என் மனைவி ஸ்டெல்லாவுக்கும். அதற்கும் ஒரு தாள். ‘டர்ட்டி’.

இங்கே, அடிலெய்டில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசுகிற பேச்சு இது. ஜெனி பள்ளி நீச்சல் அணியில் இருக்கிறாள். அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் அம்மாள். எண்ணெய், உப்பு, மசாலா, பாக்கெட்டில் வந்தது எதுவும் கூடாது; விளைந்தது விளைந்தபடி, வெட்டியது வெட்டியபடி, அவித்துத் தின்றால் அது சுத்தமான சாப்பாடு. நாக்கு சந்தோஷப்படுகிற மற்றதெல்லாம் அழுக்கு. ஜெனி மூன்று மாதமாக இந்த விரதத்தில் இருக்கிறாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பெண் நன்றாக நீந்துகிறது, நீந்தட்டும்.

அன்றைக்கு நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கி ஐந்து வருஷம் முடிந்த நாள். ஸ்டெல்லா மாட்டுக்கறியில் மிளகு வறுவல் செய்திருந்தாள். தேங்காயைச் சின்னச் சின்னப் பல்லாகக் கீறிப் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, என் அம்மா செய்கிற பக்குவத்தில். தின்று மிஞ்சியதை எடுத்துக் கீழ்த் தட்டில் வைக்கப் போனபோதுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். மேல் தட்டையும் பார்த்தேன். அங்கே ஜெனியின் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்ததும் மாட்டுக்கறிதான். ஒரே கடையில் வாங்கிய ஒரே பொட்டலத்தில் பாதி. அவளுடையது உப்பில்லாமல் வெந்து வெளுத்துக் கிடந்தது. ஒரே மாட்டின் ஒரே தொடை, மேலே சுத்தம், கீழே அழுக்கு.

தாளைக் கிழித்து எறிந்தேன். கத்தினேன். வேகமாகத் தமிழில் கத்தினால் ஜெனிக்குப் பாதிதான் புரியும். புரிந்த பாதிக்கே அவள் கண் கலங்கிவிட்டது. அது சாப்பாட்டுக்குச் சொல்கிற வார்த்தை, உங்களை யாரும் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸ்டெல்லா கறிப் பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். “இவ்ளோ கோவம் யாரு மேலங்க?” என்றாள். கேள்வி சரியான கேள்விதான். அந்தப் பெண் மேல் இல்லை.

2

மாமல்லபுரத்தில் சிற்பிகளின் பட்டறைகளைத் தாண்டிப் போனால் சவுக்குத் தோப்பு தொடங்கும். அந்த இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதுதான் எங்கள் ஜிம். கம்பி ஒரு பழைய தண்ணீர்க் குழாய். எடை எல்லாம் கருங்கல். பட்டறையில் விரிசல் விட்டு ஒதுக்கிய கற்களைச் சிற்பிகள் எங்களுக்கு உருட்டிக் கொடுத்து, நடுவில் ஓட்டையும் போட்டுத் தருவார்கள். “நந்தியாவ வேண்டியது, உன் கையில மாட்டிகிச்சு, பாத்துத் தூக்கு” என்பார் அங்கே ஒரு பெரிய சிற்பி.

கொட்டகையை நடத்தியவர் மணி மாஸ்டர். வேலை ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போகும்போது விட்டுப்போகிற புத்தகங்களில் உடம்பு வளர்க்கிற புத்தகம் ஏதாவது இருந்தால் மாஸ்டர் எடுத்து வைத்துக்கொள்வார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வருவார். அப்படித்தான் ஒருநாள் கொட்டகையின் மண்சுவரில் கரியால் கோடு போட்டு இரண்டு பத்தி எழுதினார். இந்தப் பக்கம் க்ளீன். அந்தப் பக்கம் டர்ட்டி.

டர்ட்டிப் பக்கம் பரோட்டா, சால்னா, பஜ்ஜி, பிரியாணி, ஊறுகாய் என்று நீண்டுகொண்டே போனது. மாஸ்டருக்கே அதை எழுதும்போது எச்சில் ஊறியது என்று நினைக்கிறேன். “பரோட்டாவுக்கு எங்கிட்ட மரியாத உண்டு. அதான் தள்ளி நிக்கிறேன்” என்பார். யாராவது ருசியைப் பற்றிப் பேசினால், “நாக்கு வேற ஆளுடா, அவனுக்கும் உன் ஒடம்புக்கும் பேச்சுவார்த்தையே இல்ல” என்பார்.

க்ளீன் பக்கம் சின்னது. முட்டை வெள்ளை, ஊறவைத்த கொண்டைக்கடலை, அவித்த மீன். நாலாவதாக, அவித்த மாட்டுக்கறி.

இது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் காலனிப் பிள்ளை. எங்கள் முந்தைய தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தது. அப்பா போன பிறகு அம்மா மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போனாள். நான் மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். பகல் சாப்பாட்டில் கறி இருந்தால் டப்பா மூடியைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுத்தான் தின்பேன். யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் இடம் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் அந்தச் சுவரில், எல்லாரும் பார்க்க, சுத்தம் என்ற தலைப்பின் கீழ் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்கிறேன். அன்றைக்குத் தண்டால் எடுக்கிற சாக்கில் அந்தச் சுவருக்கு எதிரிலேயே இருந்தேன். பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன்.

ஒருவன் முகத்தைச் சுளித்தபோது மாஸ்டர் விடவில்லை. “இதுல இன்னாடா வெக்கம்? புக்குல போட்டுகீது. வெள்ளக்காரன் இதத்தான் துன்றான்” என்றார்.

கொட்டகையில் உடம்பென்று சொன்னால் செந்தில் உடம்புதான். சதுரங்கப்பட்டினம் பக்கத்து டவுன்ஷிப் பையன். அவன் அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு. மாடு கிடையாது. மாடு தின்கிறவர்கள் தெருவுக்குள் கால் வைப்பதும் கிடையாது. பையன் படிப்பில் சுமார். அவன் அப்பா கடைசியாக ஒரு வாய்தா கொடுத்திருந்தார்: செங்கல்பட்டில் நடக்கப்போகிற மாவட்ட ஆணழகன் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு இங்கேயே இருக்கலாம்; இல்லாவிட்டால் தூத்துக்குடியில் மாமாவின் சிமெண்டுக் கடைக்கு மூட்டை கட்ட வேண்டும். கடலையும் கொட்டகையையும் விட்டுப் போக அவனுக்கு மனசில்லை.

போட்டிக்குப் பன்னிரண்டு வாரம். மாஸ்டர் அவனுக்குக் கறியை எழுதினார். செந்தில் சரியென்று தலையை ஆட்டிவிட்டான். எங்கே வேக வைப்பது? அவன் வீட்டில் நடக்காது. ஓட்டலில் கிடைக்காது. “நான் கொண்டாரேன் மச்சான்” என்று சொன்னேன். சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அம்மாவிடம் எனக்குத்தான் என்று சொன்னேன். அடுப்பில் நானே வைத்து, நானே வடித்து, டப்பாவில் அடைப்பேன். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துப் பொருமுவாள். ஜுரம் வந்தவனுக்குக்கூட ஒரு கல் உப்புப் போடுவார்கள், நீ என்ன பாவம் செய்தாய் என்பாள். செந்திலுக்கு என்று சொல்லியிருந்தால் வெறும் கறியை அவள் வெளியே அனுப்பியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

செந்தில் முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். இரண்டாம் வாரம் டப்பாவை அவனே என் பையிலிருந்து எடுத்தான். மூன்றாம் வாரம், “தாஸு, நீ கொறச்சுட்டியாடே?” என்று கேட்டான்.

3

நடுவில் இங்கத்திய கதை கொஞ்சம்.

ஐந்து வருஷம் முன்னால் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு அட்டை கொடுத்தார்கள். உணவு கொண்டுவருகிறாயா, இறைச்சி கொண்டுவருகிறாயா, மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்வி. அம்மா உப்புக்கண்டம் கட்டிக் கொடுத்திருந்தாள், கறியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்தது. பொய் எழுதப் பயம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று கோடு போட்டேன். தனியாக ஒரு வரிசைக்கு அனுப்பினார்கள். கையுறை மாட்டிய ஓர் அதிகாரி பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து இது என்ன என்றார். எனக்கு வந்த இங்கிலீஷில் “திஸ் இஸ் மை மதர் மீட்” என்றேன். மனுஷர் ஒரு நிமிஷம் என்னையும் பார்த்தார், பொட்டலத்தையும் பார்த்தார். ஸ்டெல்லா குறுக்கே விழுந்து விளக்கியதில் பிழைத்தேன். உப்புக்கண்டம் குப்பைத் தொட்டிக்குப் போனது. அந்த அதிகாரி, “சாரி மேட், ரூல்ஸ்” என்று என் தோளைத் தட்டினார். இங்கே எதைப் பறித்தாலும் மரியாதையாகப் பறிப்பார்கள்.

அப்புறம் படிவங்கள். ஜெனியைப் பள்ளியில் முகாமுக்கு அழைத்துப்போகும் முன் ஒரு தாள் வந்தது. சைவமா, முட்டை கூடாதா, பால் ஒத்துக்கொள்ளாதா, ஹலாலா, கோதுமை ஆகாதா என்று கட்டம் கட்டமாக. ஸ்டெல்லா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தேடினாள். “எல்லாம் துன்னுவான்னு சொல்றதுக்கு ஒரு கட்டம்கூட வெக்கலியே” என்றாள். கடைசியில் ஓரமாக எழுதி அனுப்பினோம். அன்றைக்கு ஜெனிக்கு ஒன்பதோ பத்தோ வயது. அம்மா தட்டில் இருப்பதை எடுத்து, அப்பா தட்டில் இருப்பதை எடுத்து, எங்கள் மடியிலேயே தின்றுகொண்டிருந்தாள். இப்போது சமையல் மேடைமேல் சின்னத் தராசு வைத்திருக்கிறாள். தன் தட்டைத் தானே நிறுத்து, தன் அறையில் தனியாகத் தின்கிறாள். தமிழும் அப்படித்தான், முன்னே வாய் நிறைய இருந்தது, இப்போது அளந்து வருகிறது.

4

போட்டி ஞாயிறு சாயங்காலம். கடைசி நாலு நாளுக்கு மாஸ்டரின் சட்டம் கடுமையாக இருந்தது. ஒரு கல் உப்பு உள்ளே போகக் கூடாது. தண்ணீரையும் குறைக்க வேண்டும். உப்பு போனால் தாகம் எடுக்கும், குடித்த தண்ணீர் தோலுக்கடியில் தங்கும், தசைக்கும் தசைக்கும் நடுவே தெரிகிற வெட்டுக் கோடெல்லாம் மூழ்கிப் போகும். மேடையில் மதிப்பெண் போடுகிறவர்கள் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். பன்னிரண்டு வாரம் செதுக்கியதை ஒரு வேளைச் சாப்பாடு மழுக்கிவிடும். செந்தில் வியாழக்கிழமை பல் தேய்க்கக்கூட உப்புத் தூள் வேண்டாம் என்று வேப்பங்குச்சி தேடியவன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். காலை ஷிஃப்டோடு நாலு மணி நேரம் கூட. கொட்டகைக்குப் போக முடியாது. விடியலில் கறியை அவித்து டப்பாவில் அடைத்து வைத்துவிட்டு, லாட்ஜ் வேலையை விட்டு நின்றிருந்த அம்மாவிடம், “மத்தியானம் ஒரு ஃப்ரெண்டு வருவான்மா, செந்திலுன்னு. டப்பாவ மட்டும் குடுத்துடு” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன். செந்திலுக்கு வீட்டு அடையாளம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினேன். அம்மா முகத்தில் நான் பார்த்திராத வெளிச்சம். நான் செருப்பைக் கழற்றுமுன்னே ஆரம்பித்துவிட்டாள்.

பையன் சைக்கிளோடு வாசலிலேயே நின்றானாம். உள்ளே வாப்பா என்றதும் ஒரு கணம் தெருவைப் பார்த்துவிட்டு, குனிந்து உள்ளே வந்தானாம். பாயில் உட்கார்ந்தானாம். அம்மா டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறாள்.

“ஒரு புள்ள மொத தடவ நம்ம வாசப்படி ஏறி வருது. டவுன்ஷிப்புப் புள்ள. அதுக்குப் போயி நாயிக்கு வெக்கறாப்போல வெள்ளக்கறியத் தூக்கி நீட்றதா? என் மானம் போவாது?”

அப்படியே சட்டியில் கொட்டி, மிளகு அரைத்து, பூண்டு தட்டி, தேங்காய் கீறிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, கைநிறைய உப்புப் போட்டுச் சுருள வதக்கியிருக்கிறாள். சுடச் சுடச் சோறு. பையன் வேண்டாம்மா, டப்பாவே போதும் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறான். அம்மா தட்டை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“மொத வாயி வெச்சிட்டு என்னப் பாத்துச்சு. அப்பால தலையக் குனிஞ்சிகினு துன்னுச்சு பாரு. தட்டுல ஒரு பருக்க இல்ல. இன்னுங் கொஞ்சம் போடுங்கம்மான்னு அதுவே கேட்டுச்சு.”

அம்மா இதைச் சொல்லி முடித்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். போட்டி வரை உப்பு ஆகாது, அது உனக்குத் தெரியாதில்லையா, பரவாயில்லை விடு என்று இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். பஸ் டிரைவரிலிருந்து ஃபோர்மேன் வரை நின்று பேசுகிறவன் நான். அன்றைக்கு என் கண்ணில் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு வாரமும் தூத்துக்குடியும்தான்.

“சுத்தமா வெச்சிட்டுப் போனத அசிங்கம் பண்ணிட்டியே. அத அவன் துன்னலாமா?”

மாஸ்டரின் சுவரில் இருந்த ஆங்கில வார்த்தையைச் சொல்லியிருந்தாலாவது அம்மாவுக்குப் புரியாமல் போயிருக்கும். நல்ல தமிழில் சொன்னேன். குத்தும் என்று தெரிந்தே சொன்னேன்.

அம்மா கையில் வைத்திருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.  பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் புள்ள சொல்லுச்சா?”

இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பம்புக்குக் குளிக்கப் போய்விட்டேன்.

5

செங்கல்பட்டில் ஒரு பள்ளி மைதானம். டியூப் லைட் கட்டி, பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தார்கள். மறைமலைநகர்ப் பையன்கள், முட்டுக்காடு குப்பத்துப் பையன்கள் என்று விசிலும் கூச்சலுமாகக் கூட்டம். மேடைக்குப் பின்னால் மாஸ்டர் செந்திலுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். முதுகில் பூசியவர் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். 

மேடையேறியபோது எங்களுக்கே தெரிந்துவிட்டது. உடம்பு பெரிய உடம்புதான். ஆனால் மேலே ஒரு மெல்லிய போர்வை போர்த்தின மாதிரி இருந்தது. வயிற்றில் புதன்கிழமை எண்ண முடிந்த கட்டங்களை ஞாயிற்றுக்கிழமை எண்ண முடியவில்லை. நாலாவது இடம். பரிசு மூன்று பேருக்குத்தான்.

கீழே இறங்கி வந்தவனை மாஸ்டர் எல்லார் எதிரிலும் நிறுத்தினார். “தண்ணி பூந்துகீது. இன்னாடா துன்ன?”

செந்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. “பஸ் ஸ்டாண்டுல பரோட்டா மாஸ்டர். நாக்கு கேக்கல” என்றான்.

மாஸ்டர் அவனைத் திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் மேல் போர்த்திவிட்டு, நடந்து போய்விட்டார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் செந்திலைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கொட்டகையில் கேள்விப்பட்டேன். நான் அவன் முகத்தில் விழிக்கப் பயந்து அந்தப் பத்து நாளும் ஓவர்டைமைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விலாசம் யாரிடமும் இல்லை. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. கொட்டகைப் பக்கம் போவதும் நின்றது.

முதல் வாயிலேயே உப்பு அவனுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வாரம் உப்பில்லாமல் தின்ற நாக்கு அது. தட்டைத் தள்ளி வைத்திருக்கலாம், டவுன்ஷிப் பையன் தள்ளி வைத்தால் அந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதனால்தான் தள்ளவில்லை. மீதி வைத்தால் எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மனசில் என்ன ஓடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவளைப் பெற்ற தாயாகக் கொண்ட எனக்குத்தான் தெரியாமல் போனது.

அம்மா அந்தக் கேள்வியை அப்புறம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவள் சமைத்ததைத்தான் தின்றேன். ஆனால் யாராவது புது ஆள் வீட்டுக்கு வந்தால், ஸ்டெல்லா வீட்டு ஜனமே ஆனாலும், சோறு போடுமுன் அம்மா என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். போடலாமா என்று கேட்கிற மாதிரி.

6

ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குத் திரும்புகிறேன். இரண்டு நாள் ஜெனி என்னோடு பேசவில்லை. மேல் தட்டுத் தாளையும் அவளே எடுத்துவிட்டிருந்தாள். புதன்கிழமை நீச்சலிலிருந்து அழைத்துவரும்போது காரிலேயே இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். பாதி தமிழ், பாதி என் இங்கிலீஷ். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்டது இரண்டே கேள்வி. உப்பு என்று அந்த அங்கிளுக்குத் தெரியுமா? தெரியும் என்றேன். “அந்த அங்கிள் சொல்லலன்னு ஆயாகிட்ட நீங்க சொன்னீங்களா?”

இல்லை என்றேன். ஏன் என்றாள்.  இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் விடமாட்டார்கள். நீங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில், வாத்தியாரம்மா மாதிரி, சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கூப்பிட்டேன். இங்கே மதியம், அங்கே காலை. அம்மா இப்போதும் காலனி வீட்டில்தான் இருக்கிறாள். நான் இங்கே வந்த பிறகு தளம் போட்ட வீடாகக் கட்டினோம். என் தங்கை நாலு வீடு தள்ளி. அம்மா ஃபோனை எடுத்ததும் வழக்கமான விசாரிப்பு எல்லாம் முடிந்தது. மழை, தங்கை பையனின் பரீட்சை, லாட்ஜ் முதலாளி செத்துப்போனது. எனக்குத்தான் தொடங்கத் தெரியவில்லை. கடைசியில் செந்திலை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“மறப்பனா” என்றாள்.

அன்றைக்கு நீ என்னை ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன், அந்தப் பையன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை அம்மா என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அது எனக்குத் தெரியுமேடா. திங்கக்கெழம வந்துச்சே அது.”

எந்தத் திங்கட்கிழமை?

போட்டிக்கு மறுநாள். நான் காலை ஷிஃப்டில் இருந்திருக்கிறேன். மத்தியானம் செந்தில் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, கூப்பிடாமலே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு வைத்த கறி இருக்கிறதா அம்மா என்று கேட்டிருக்கிறான்.

“திங்கக்கெழமயில கறிக்கு எங்க போறது? கருவாட்டுக் கொழம்புதான் இருந்துச்சு. அதப் போட்டேன். துன்னுகினே சொல்லுது, தோத்துட்டேம்மா, பரோட்டா துன்னு நானே கெடுத்துக்கினேன்னு. எனக்குத் தெரியாதா? நீ உப்பில்லாம அவிச்சதுக்கும் வெள்ளிக்கெழம குதிச்சதுக்கும் அப்பத்தான் அர்த்தம் புரிஞ்சிச்சு, கெடுத்தது என் உப்புதான்னு.”

“அப்புறம் என்னம்மா செஞ்ச?”

“இன்னா செய்றது. பொய் சொன்னதுக்கு இன்னொரு கரண்டி போட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்ததை அவன் ஒரே நாளில், ஒரு தட்டுக் கருவாட்டுக் குழம்பில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தாஸுகிட்ட ஒண்ணும் கேக்காதீங்கம்மான்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் கேக்கல. நீயும் கேக்கல.”  ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. “அந்தப் புள்ள சொல்லலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. சொன்னது நீதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. சாமான் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கே இருக்கிறது என்று சொல்வாளே, அந்தக் குரல். நான் இத்தனை வருஷமும் செந்திலுக்காகத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எனக்காக ஒன்றும் வைத்திருக்கவில்லை. அடுப்படியில் ஸ்டெல்லா கையில் கரண்டியோடு நின்றாள். பக்கத்தில் ஜெனி தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்மா” என்றேன். “நான்தான் சொன்னேன். தப்பும்மா.”

அந்தப் பக்கம் இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

“சரியா கேக்கலடா. இன்னொரு வாட்டி சொல்லு” என்றாள் அம்மா.

இந்தத் தடவை உரக்கச் சொன்னேன். அடுப்படியில் நின்ற இருவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும்.